பழையதைத் தேற்றுவதா, புதியதை வாங்குவதா?

இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் கடைசிப் பாட்டு. ஊசி நடுவட்டத்தை நெருங்க நெருங்க, பாடகியின் குரலில் ‘ஸ’ வரும் இடமெல்லாம் சீறுகிறது. முதல் பாட்டில் இந்தச் சீறல் இல்லை. “பிளேயருக்கு வயசாயிடுச்சு, புதுசு வாங்கிடலாம்” என்ற பேச்சு பல வீடுகளில் இந்தக் கடைசிப் பாட்டில்தான் தொடங்கும். எங்கள் வீட்டிலும் அப்படித்தான் தொடங்கியது. எங்களுடையது சித்தப்பா துபாயிலிருந்து கொண்டுவந்த டெக்னிக்ஸ் எஸ்எல்-1200 எம்கே2.

அந்த மாடல் 1979-இல் ஜப்பானின் மட்சுஷிடா நிறுவனத்திலிருந்து வந்தது. 2010-இல் இந்த வரிசையின் உற்பத்தி நின்றது. இசைத்தட்டுக்கு மறுபடி மவுசு கூடியதும் 2016-இல் திரும்பியது. 2019-இல் எம்கே7 வந்தது. ஒரே பெயர், நாற்பது ஆண்டு இடைவெளி. பழையதைத் தேற்றுவதையும் புதியதை வாங்குவதையும் ஒப்பிட இதைவிடப் பொருத்தமான ஜோடி கிடைப்பது அரிது.

முதலில் வேகம். இரண்டிலும் பெல்ட் கிடையாது; மோட்டாரின் அச்சே தட்டைச் சுழற்றுகிறது. இரண்டிலும் குவார்ட்ஸ் படிகம் வேகத்தைக் கட்டிக் காக்கிறது. வேகத்தின் ஏற்ற இறக்கம் என்று நிறுவனம் தரும் அளவு இரண்டுக்கும் ஒன்றே: 0.025 சதவீதம். பழையதில் அது இன்னும் நிலைக்கிறதா என்பதை வீட்டிலேயே பார்க்கலாம். தட்டின் விளிம்பில் வரிசையாகப் புள்ளிகள் இருக்கும். பக்கத்திலுள்ள சிவப்பு விளக்கொளியில் பெரிய புள்ளிகளின் வரிசை அசையாமல் நின்றால் வேகம் சரி. மெல்ல ஊர்ந்தால், பெரும்பாலும் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் பட்டையில் சேர்ந்த தூசிதான் காரணம். சுத்தம் செய்தால் போதும்.

பெல்ட் வைத்த பழைய கருவிகளுக்குக் கணக்கே வேறு. 1972-இல் வந்த தோரன்ஸ் டிடி 160 போன்றவற்றில் மோட்டார் மின்சாரத்தின் அதிர்வெண்ணைப் பிடித்துக்கொண்டு சுற்றும். அமெரிக்காவின் 60 ஹெர்ட்ஸுக்கான கப்பி போட்ட கருவியை நம் 50 ஹெர்ட்ஸில் ஓட்டினால், நிமிடத்துக்கு 33⅓ சுற்று வர வேண்டிய இடத்தில் 27.8 சுற்றுதான் வரும். ஐந்து கட்டையில் பாடியவர் ஏறக்குறைய மூன்று கட்டைக்கு இறங்கிவிடுவார். கப்பியை மாற்றினால் சுருதி திரும்பிவிடும். இதற்காக யாரும் கருவியையே தூக்கிப்போட வேண்டாம்.

அடுத்தது ஊசியை ஏந்தும் கை. பழைய கருவியின் உண்மையான உடல்நிலை இங்கேதான் தெரியும். மின்சாரத்தை நிறுத்திவிட்டு, பின்னாலிருக்கும் எடையைத் திருகி, கை காற்றில் மிதக்கும்படி சமன் செய்ய வேண்டும். பிறகு லேசாக ஊதினால் எங்கும் சிக்காமல் நகர வேண்டும். தலைப்பகுதியை இரண்டு விரலால் பிடித்து முன்னும் பின்னும் மெதுவாக அசைத்தால், தாங்கியில் ‘டக்’ என்ற ஆட்டம் தெரியக் கூடாது. எம்கே2-க்களில் நிறைய டிஜேக்களின் கையில் உழைத்து வந்தவை. அவற்றில் இந்த ஆட்டம் இருக்கலாம். இருந்தால் கையையே மாற்ற வேண்டியிருக்கலாம். அந்தச் செலவு வரும்போது புதியது வாங்குவதே புத்திசாலித்தனம். எம்கே7-இலும் கையின் வடிவம் அதே எஸ் வளைவுதான், ஊசி பொருந்தும் கார்ட்ரிட்ஜை மாட்டும் தலையைத் திருகிக் கழற்றும் வசதியும் அதேதான். வேறு யாரும் தொடாத தாங்கி கிடைக்கும் என்பதுதான் அதில் நாம் காசு கொடுத்து வாங்கும் நிம்மதி.

வயரிலும் புதியதற்கே வெற்றி. பழையதில் ஒலி வயர் உள்ளேயே பற்றவைக்கப்பட்டிருக்கும். வெளியே வரும் இடத்தில் மடங்கி மடங்கி நைந்துபோனால் ஒரு பக்க ஸ்பீக்கர் விட்டுவிட்டுப் பேசும். எம்கே7-இல் வயரைக் கழற்றி மாட்டலாம். ஆனாலும் பற்றவைக்கத் தெரிந்தவருக்கு இது சின்ன வேலை. பழையதை வெளியே வாங்குபவர்கள் ஒன்றில் மட்டும் கவனமாக இருக்க வேண்டும்: ஜப்பான் சந்தைக்கென்று செய்தது 100 வோல்ட்டில் ஓடுவது. நம் 230 வோல்ட்டில் நேராகச் செருகினால் டிரான்ஸ்ஃபார்மர் எரிந்துபோகும்.

இனி ஊசி. எங்கள் கருவியைப் பிரித்துப் பார்த்த பெரியவர் சொன்னது இது: “சார், தட்டைத் தொடுறது ஊசி ஒண்ணுதான். அதை விட்டுட்டு மத்ததையெல்லாம் பாக்குறீங்களே!”

அவர் சொன்னதில் கணக்கும் இருக்கிறது. எல்பி எப்போதும் ஒரே வேகத்தில் சுற்றினாலும் உள்வட்டம் சிறியது. வெளி விளிம்பில் ஊசிக்கடியில் நொடிக்குச் சுமார் 50 செ.மீ. பள்ளம் ஓடும், கடைசிப் பாட்டின் முடிவில் அது 21 செ.மீ. அளவுக்குச் சுருங்கிவிடும். அதே ஒலி பாதிக்கும் குறைவான நீளத்தில் நெருக்கி எழுதப்பட்டிருக்கிறது. உருண்டை முனை அந்த நெளிவுகளுக்குள் முழுதாக இறங்காது. தேய்ந்த முனை இன்னும் தடுமாறும். சீறல் பிறப்பது அங்கேதான்.

ஆடியோ-டெக்னிகாவின் விஎம்95 வரிசையில் ஒரே கார்ட்ரிட்ஜில் வெவ்வேறு ஊசிகளை மாற்றிப் போடலாம். நிறுவனம் சொல்லும் ஆயுள் உருண்டை முனைக்கு 500 மணி, நீள்வட்ட முனைக்கு 300, மெல்லிய விளிம்புள்ள மைக்ரோலீனியர் முனைக்கு 1,000. முந்நூறு மணி என்பது நாற்பது நிமிட எல்பி நானூற்றைம்பது. தினம் ஒரு தட்டு கேட்பவருக்கு ஒன்றேகால் ஆண்டுதான். எங்கள் ஊசியை எத்தனை ஆண்டாக மாற்றவில்லை என்று எண்ணிப் பார்த்தபோது எனக்கு வெட்கமாக இருந்தது. தேய்ந்த ஊசி பாட்டைக் கெடுப்பதோடு நிற்பதில்லை, தட்டையும் அரித்துவிடும். இன்னொன்று: எம்கே7 கார்ட்ரிட்ஜ் இல்லாமல்தான் விற்பனைக்கு வருகிறது. ஊசிச் செலவு இரண்டு வழியிலும் உண்டு.

புதியதன் பக்கம் ஒரு வலுவான காரணம் இருக்கிறது. எம்கே2-இல் 33, 45 என இரண்டு வேகம்தான். எம்கே7 78-லும் சுற்றும். தியாகராஜ பாகவதரும் டி.என். ராஜரத்தினம் பிள்ளையும் பாடி வாசித்த அரக்குத் தட்டுகள் பரணில் இருக்கும் வீடுகளுக்கு இது பெரிய விஷயம். அவற்றின் பள்ளம் அகலமானது. எல்பி ஊசியைப் போல ஏறக்குறைய நான்கு மடங்கு பருத்த முனை வேண்டும். அந்த ஊசியைத் தனித் தலையில் பூட்டி வைத்துக்கொண்டால், திருகி மாட்டியதும் கேட்கலாம்.

ஆக, என் தீர்ப்பு இது. கை ஆடினாலோ, 78 தட்டு கேட்க வேண்டியிருந்தாலோ, புதியதை மனக்குறையின்றி வாங்கலாம். இரண்டும் இல்லையென்றால் பழையதைத் தேற்றுங்கள். மிச்சமாகும் பணத்தில் நல்ல ஊசி வாங்குங்கள்.

நாங்கள் கார்ட்ரிட்ஜை மாற்றி, மைக்ரோலீனியர் முனை போட்டோம். அன்று மாலை தட்டை வைத்ததும் முதல் பாட்டுக்குக் காத்திருக்கவில்லை. ஊசியை நேராகக் கடைசிப் பாட்டில் இறக்கினேன். ‘ஸ’ வந்தது, போனது. சீறவில்லை. சமையலறையிலிருந்து அம்மா எட்டிப் பார்த்து, “புதுசு வாங்கிட்டியா?” என்று கேட்டார்.