வேர்க்குழல் சிகிச்சை

ரூட் கெனால் எனப் பரவலாக அறியப்படும் வேர்க்குழல் சிகிச்சை, பல்லின் உள்ளிருக்கும் மென்திசுவான பற்கூழ் கெட்டுப்போனால் அதை அகற்றி, வேரின் உட்குழலைச் சுத்தம் செய்து, மறுபடி கிருமி நுழையாதபடி அடைக்கும் பல் மருத்துவ முறை. வலியைப் போக்குவதே இதன் நோக்கம் என்று எண்ணுவோர் பலர். வலி நின்றதும் பாதியில் விட்டுவிடுவதற்கு அந்த எண்ணமே காரணம். இது கிருமித்தொற்றை ஒழிக்கும் சிகிச்சை. அதற்கு வலுவான சான்று 1965இல் வெளிவந்தது. காகெஹாஷி, ஸ்டான்லி, ஃபிட்ஸ்ஜெரால்ட் ஆகிய ஆய்வாளர்கள் மூவரும் எலிகளின் கடைவாய்ப் பற்களைத் துளைத்துப் பற்கூழைத் திறந்துவிட்டார்கள். சாதாரண எலிகளில் கூழ் அழுகிச் சீழ் கட்டியது. கிருமியே இல்லாத சூழலில் வளர்ந்த எலிகளிலோ, துளையில் உணவுத் துணுக்குகள் அடைந்தும் கூழ் பிழைத்தது. திறந்த இடத்தைப் புதிய பல்திசு மூடியது. காயம் ஒன்றுதான், விளைவை மாற்றியது கிருமி.

சிகிச்சையின் ஒவ்வொரு படியும் இந்த உண்மையிலிருந்தே பிறக்கிறது. எச்சில் உள்ளே கசியாதிருக்க ரப்பர் விரிப்பு கட்டுகிறார்கள். வேர்க்குழல் நேரான குழாய் அல்ல. கிளைகளும் இடுக்குகளும் கொண்டது, அரம் போன்ற ஊசிகள் எல்லா இடத்தையும் தொடுவதில்லை. ஆகவே கிருமியைக் கொன்று, செத்த திசுவையும் கரைக்கும் சோடியம் ஹைப்போகுளோரைட் கரைசலால் திரும்பத் திரும்பக் கழுவுகிறார்கள். பின்பு மலாய்த் தீவுப் பகுதி மரங்களின் பாலிலிருந்து வரும் குட்டா பெர்ச்சாவால் குழல் அடைக்கப்படுகிறது. பல்லின் மேல் உறையாகக் கட்டும் கேப்பும் அழகுக்காக மட்டும் அல்ல. அது இல்லாத கடைவாய்ப் பல் கடிக்கும் அழுத்தத்தில் பிளக்கலாம். மேலடைப்பு கசிந்தால் கிருமி திரும்பவும் உள்ளே இறங்கும்.

ஆன்டிபயாடிக் மாத்திரை போதாதா என்ற கேள்வி நியாயமானது. இறந்த கூழுக்கு ரத்த ஓட்டம் இல்லாததால் மருந்து அங்கே போய்ச் சேராது. முகவீக்கம், காய்ச்சல் என்று தொற்று பரவும்போது மாத்திரை துணை செய்யும், மூலத்தை அகற்றாது. இன்னொரு மறுப்பு பழையது. வேர் சிகிச்சை செய்த பல் உடலெங்கும் நோய் பரப்பும் என்று அமெரிக்கப் பல் மருத்துவர் வெஸ்டன் பிரைஸ் 1920களில் வாதிட்டார். பிடுங்கிய பற்களை முயல்களின் தோலடியில் வைத்துப் பார்த்த சோதனைகளே அவருடைய ஆதாரம். அவற்றில் முறையான ஒப்பீட்டுக் குழுக்கள் இல்லை. பிடுங்கும்போதே வாய்க்கிருமி பல்லில் ஒட்டியிருக்கவும் கூடும். பின்வந்த ஆய்வுகள் அந்த முடிவைத் தாங்கவில்லை. அந்தக் கொள்கையின் பேரால் காப்பாற்றக்கூடிய பற்கள் ஏராளமாகப் பிடுங்கப்பட்டன என்பது வருத்தத்துக்குரியது. பிடுங்குவதே சரியான இடங்களும் உண்டு: வேர் நெடுக்காகப் பிளந்திருந்தால், அல்லது கேப்பைத் தாங்கும் அளவு பல் மிஞ்சாவிட்டால், குழலை எவ்வளவு சுத்தம் செய்தாலும் அந்தப் பல் நிலைக்காது.