பர்னாந்துகளின் கரை

ஒரு நாள் ராத்திரி அமெரிக்காவிலிருந்து நண்பன் கூப்பிட்டான். சொந்த ஊர் புன்னைக்காயல். பெயரின் கடைசியில் பர்னாந்து.

“மக்கா, இங்க ஒரு பாரத்துல நான் ஹிஸ்பானிக்கான்னு கேக்கான். ஆபீஸ்ல ஒரு பொம்பள பேரப் பாத்துட்டு ஸ்பானிஷ்லயே பேச ஆரம்பிச்சிட்டா. என்னல போட?”

சிரித்துவிட்டேன். ஆனால் கல்லூரி விடுதியில் அவனை “போர்த்துக்கீசு” என்று கேலி செய்தவன் நான்தான். அது அப்போது ஞாபகத்துக்கு வந்தது.

1950இல் அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, தென்மேற்கின் ஐந்து மாநிலங்களில் ஸ்பானியக் குடும்பப்பெயர்களின் பட்டியலை வைத்து ஆட்களை எண்ணியது. அப்படி ஒரு பட்டியலோடு ஒருவர் எங்கள் ஸ்ரீவைகுண்டத்தில் கிளம்பி, தாமிரபரணியோடு கிழக்கே போய், ஆறு கடலில் சேரும் புன்னைக்காயலில் இறங்கியிருந்தால்? பர்னாந்து, கோமஸ், ரொட்ரிகோ, மிராந்தா. டெக்ஸாஸின் லாரேடோவைப் போல இதுவும் ‘ஹிஸ்பானிக் பெரும்பான்மை’ ஊர் என்று எழுதிக்கொண்டு போயிருப்பார்.

நடந்த கதை வேறு. முத்துக்குளிப்பு யார் கையில் என்ற சண்டையில் நெருக்கப்பட்ட பரதவர்கள், 1530களில் கொச்சிக்குப் போய் போர்ச்சுக்கீசியரிடம் பாதுகாப்புக் கேட்டார்கள். பாதுகாப்போடு ஞானஸ்நானமும் வந்தது, பெயர்களும் வந்தன. 1542இல் வந்த பிரான்சிஸ் சவேரியார் பிறந்த நவார் இன்று ஸ்பெயினில் இருக்கிறது. இந்தக் கரைக்கும் ஸ்பெயினுக்குமான முக்கியமான தொடர்பு அவர்தான். அவருக்குப் பின் வந்த போர்ச்சுக்கீசியர் அன்றிக்கே அன்றிக்கசு தமிழ் படித்தார். அவருடைய ‘தம்பிரான் வணக்கம்’ 1578இல் கொல்லத்தில் தமிழ் எழுத்தில் அச்சானது. 1600இல் அவர் இறந்தது புன்னைக்காயலில். பெயர் அங்கிருந்து இங்கே வந்தது என்றால், தமிழ் இங்கிருந்து அச்சுக்குப் போனது.

1658இல் டச்சுக்காரர்கள் தூத்துக்குடியைப் பிடித்தார்கள். புராட்டஸ்டண்ட் ஆட்சி. பெயர் தந்தவர்கள் போய்விட்டார்கள், பழைய சபையில் இருப்பதால் லாபமும் இல்லை. ஆனாலும் மக்கள் கோவிலையும் விடவில்லை, பெயரையும் விடவில்லை. எனக்கு முக்கியமாகப் படுவது இந்த இடம்தான். பிலிப்பைன்ஸில் 1849இல் கவர்னர் ஆணை போட்டு, பட்டியலிலிருந்து குடும்பங்களுக்குப் பெயர் கொடுத்தார். இங்கே ஆணை போட ஆளில்லாத காலத்திலும் பெயர் நின்றது. கடன் வாங்கிய பொருள் நூறு வருசத்தில் சொந்தமாகிவிட்டது.

எங்கள் ஊரில் கோட்டைப் பிள்ளைமார் மண்கோட்டைக்குள் தங்களைத் தனியாக வைத்துக்கொண்டார்கள். ஆற்றின் கடைசியில் இருந்தவர்களுக்குப் பெயரே கோட்டையாக இருந்திருக்கும் போல. கேலி செய்த என் வீட்டிலும் சாவி, ஜன்னல், அலமாரி எல்லாம் போர்ச்சுக்கீசியச் சொற்கள்தான். அதற்காக என்னை யாரும் வெள்ளைக்காரன் என்று சொன்னதில்லை.

மறுநாள் நானே கூப்பிட்டேன். பழைய கேலிக்கு மன்னிப்புக் கேட்டேன். “அதெல்லாம் கெடக்கட்டும்ல” என்றான்.

“பாரத்துல என்ன போட்ட?”

“இல்லன்னு போட்டேன். நான் பரதவன்லா. ஆனா பேர மட்டும் மாத்த மாட்டேன். அது எங்க தாத்தா பேரு.”