கடாரப் போரும் செரோக் தோக் குன் கல்லும்

பாடாங் செராய்க்குத் தென்மேற்கே, புக்கிட் மெர்தாஜாமில், புனித அன்னாள் தேவாலய வளாகத்தினுள் எழுத்துப் பொறித்த பெரும்பாறை ஒன்று உள்ளது. செரோக் தோக் குன் கல் என்பது அதன் பெயர். 1845ஆம் ஆண்டில் ஜேம்ஸ் லோ என்னும் பிரித்தானியப் படைத்துறை அதிகாரி இதனைக் கண்டு வெளியுலகுக்கு அறிவித்தார். அவ்வட்டாரம் 1800 வரை கெடாவின் ஒரு பகுதியே.

'கடாரம் கொண்டான்' என்னும் பட்டத்தைக் கேட்டு வளர்ந்த தமிழர், இதனைச் சோழர் நாட்டிய வெற்றிக்கல் என எண்ணுதல் இயல்பே. ஆயின், அவ்வெண்ணம் பொருந்தாது. முதலாம் இராசேந்திரனின் கடற்படை கடாரத்தைத் தாக்கி, வேந்தன் சங்கிராம விசயோத்துங்கவர்மனைச் சிறைப்படுத்தியது கி.பி. 1025ஆம் ஆண்டளவில். கல்லிலுள்ளதோ பல்லவ எழுத்து. அப்போருக்கு ஏறத்தாழ ஐந்து நூற்றாண்டுகள் மூத்தது. போர்ச் செய்தியைக் காண விழைவோர் தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டையே நாடவேண்டும்.

படை வருமுன்னரே கடலோடிகள் வழியே அவ்வெழுத்து இங்கு வந்து சேர்ந்துவிட்டது. புத்தகுப்தன் என்னும் மாலுமித் தலைவனின் கல்வெட்டே இதற்குச் சான்று. 1834இல் அதே லோ அவர்கள் செபராங் பிறையில் கண்டெடுத்த அக்கல், பின்னர்க் கொல்கத்தா அருங்காட்சியகத்தை அடைந்தது. செரோக் தோக் குன் பாறை மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கிறது.

சூலை மாதத் திருவிழாவுக்கு அத்தேவாலயம் செல்லும் இந்துக்களும் பலர். மெழுகுவத்தி ஏற்றித் திரும்புகையில் இக்கல்லையும் காணலாம். எழுத்துகள் மிகத் தேய்ந்துள்ளன. பக்தி மிகுதியால் திருநீறு பூசுவதும் கற்பூரம் ஏற்றுவதும் அவற்றுக்கு ஆகா.