வெளிநாட்டில் மாயமாகும் கணவர் அல்லது மனைவி: சந்தேகத்தின் நிழலில் தவிக்கும் துணைக்குச் சட்டம் சொல்வது என்ன?

கொச்சி: வெளிநாட்டில் ஒருவர் மாயமாகிறார். உடல் கிடைக்கவில்லை, நேரில் கண்ட சாட்சியும் இல்லை. இந்நிலையில் அவரது கணவர் அல்லது மனைவி சட்டத்தின் பார்வையில் யார்? துணையை இழந்தவரா, திருமணமானவரா, சந்தேகத்துக்குரியவரா? கேரளத்தில் பிறந்து அமெரிக்காவில் மருத்துவராகப் பணியாற்றிய ஸ்நேகா ஆன் பிலிப், 2001 செப்டம்பரில் நியூயார்க்கில் மாயமான வழக்கு இக்கேள்விகளை முழுமையாக முன்வைத்த ஒன்றாகும்.

துறைமுகப் பகுதியான கொச்சி மட்டாஞ்சேரியில் குஜராத்தியர், கொங்கணியர், தமிழர் எனக் கடல் வழியாகவும் தரை வழியாகவும் வந்து குடியேறியோர் பலர். இங்கிருந்த யூதக் குடும்பங்களில் பெரும்பாலானவை இஸ்ரேல் சென்றுவிட்டன. வளைகுடா நாடுகளில் பணிபுரிவோரைக் கொண்ட வீடுகளும் ஏராளம். இத்தகைய குடும்பங்களுக்கு, அயல்நாட்டில் ஒருவருடனான தொடர்பு அறுந்துபோனால் என்ன செய்வது என்பது நடைமுறைக் கேள்வியாகும்.

நியூயார்க்கில் நடந்தது என்ன?

1969-இல் பிறந்த ஸ்நேகா, அமெரிக்காவில் மருத்துவம் பயின்று, உடன் பயின்றவரை மணந்தார். இருவரும் நியூயார்க்கில் உலக வர்த்தக மையத்துக்கு அருகே உள்ள பேட்டரி பார்க் சிட்டி பகுதியில் வசித்தனர். 2001 செப்டம்பர் 10-ஆம் தேதி பிற்பகல் தாயாருடன் இணையவழியில் நீண்ட நேரம் உரையாடிய அவர், பின்னர் வீட்டிலிருந்து புறப்பட்டு, அருகில் உள்ள ஒரு பல்பொருள் அங்காடியில் ஆடைகளும் காலணிகளும் வாங்கினார். கடன் அட்டைப் பதிவின் மூலம் இது உறுதியானது. அவர் குறித்துக் கிடைத்த கடைசி உறுதியான தடயம் இதுவே. வாங்கிய பொருள்கள் பின்னர் எங்கும் கிடைக்கவில்லை. கடவுச்சீட்டும் ஓட்டுநர் உரிமமும் மூக்குக்கண்ணாடியும் வீட்டிலேயே இருந்தன.

நள்ளிரவில் வீடு திரும்பிய கணவர், மனைவி இல்லாததைக் கண்டார். உறவினர் அல்லது தோழி வீட்டில் தங்கியிருக்கக்கூடும் எனக் கருதி, மறுநாள் காலை பிராங்ஸ் பகுதியில் உள்ள மருத்துவமனைக்குப் பணிக்குச் சென்றார். அன்று காலை 8.46 மணிக்கு முதல் விமானம் வர்த்தக மையத்தின் கோபுரத்தில் மோதியது. அதற்குச் சற்று முன்னர், அடுக்குமாடிக் கட்டடத்தின் முகப்புக் கூடத்தில் ஸ்நேகாவைப் போன்ற தோற்றமுடைய பெண் ஒருவர் நின்றுவிட்டுத் திரும்பிச் செல்வது கண்காணிப்புக் கேமராவில் பதிவாகியிருந்தது. வெளிச்சம் காரணமாக முகம் தெளிவாகத் தெரியவில்லை.

சந்தேகம் திரும்பிய திசை

பல்லாயிரம் பேர் உறவினரைத் தேடி அலைந்த நாள்களில், ஸ்நேகா மட்டும் முந்தைய நாளிலேயே மாயமானவர். எனவே காவல் துறையின் விசாரணை அவரது வீட்டை நோக்கித் திரும்பியது. தம்பதியரின் உறவு, ஸ்நேகாவின் பணியிடச் சிக்கல்கள், அவர் மீது நிலுவையில் இருந்த ஒரு சிறு வழக்கு, இரவு நேரப் பழக்கங்கள் ஆகியவை காவல் துறை அறிக்கையில் இடம்பெற்றன. செப்டம்பர் 11 அதிகாலை 4 மணியளவில் வீட்டுத் தொலைபேசியிலிருந்து கணவரின் கைப்பேசிக்கு ஓர் அழைப்பு சென்றதும் கவனிக்கப்பட்டது. அந்த அழைப்பு நினைவில் இல்லை என்றும், பதிவான குரல் தகவல்களைக் கேட்பதற்காகத் தாமே அழைத்திருக்கக்கூடும் என்றும் அவர் விளக்கமளித்தார்.

அறிக்கையின் பல பகுதிகளைக் கணவரும் ஸ்நேகாவின் குடும்பத்தினரும் மறுத்தனர். கணவர் தனியார் துப்பறிவாளரை அமர்த்தி மனைவியைத் தேடினார். அவர் மீது எக்காலத்திலும் குற்றம் சாட்டப்படவில்லை.

ஒரு நாள் வித்தியாசம்

இதன் பின்னர் எழுந்த சட்டப் போராட்டம் ஒரே ஒரு நாளைப் பற்றியதாக இருந்தது. ஸ்நேகா செப்டம்பர் 10-இல் இறந்தாரா, 11-இல் இறந்தாரா? 2004-இல் நியூயார்க் நகர மருத்துவப் பரிசோதகர் அலுவலகம், தாக்குதலில் உயிரிழந்தோர் பட்டியலிலிருந்து அவரது பெயரை நீக்கியது. 2006-இல் கீழமை நீதிமன்றம், அவர் வர்த்தக மையத்தில் இருந்ததற்கு ஆதாரம் இல்லை எனக் கூறியது. மூன்று ஆண்டுகள் தொடர்பற்றிருப்பவர் இறந்தவராகக் கருதப்படுவார் என்ற நியூயார்க் மாநில விதியின்படி, அவர் 2004 செப்டம்பர் 10-ஆம் தேதி இறந்ததாக முடிவு செய்தது.

2008 ஜனவரி 31-ஆம் தேதி மேல்முறையீட்டு நீதிமன்றம் இத்தீர்ப்பை மாற்றியது. மருத்துவரான அவர் தமது வீட்டருகே நிகழ்ந்த பேரழிவில் உதவச் சென்று உயிரிழந்திருப்பதே மிகவும் சாத்தியமான விளக்கம் எனப் பெரும்பான்மை நீதிபதிகள் கருதினர். இது ஊகமே என மாறுபட்ட தீர்ப்பும் பதிவானது. இதையடுத்து, நியூயார்க் தாக்குதலில் உயிரிழந்தோர் பட்டியலில் 2,751-ஆவது நபராக ஸ்நேகா சேர்க்கப்பட்டார். நினைவிடத்திலும் அவரது பெயர் பொறிக்கப்பட்டுள்ளது. எனினும் செப்டம்பர் 10 இரவு அவர் எங்கிருந்தார் என்ற கேள்விக்கு எந்தத் தீர்ப்பும் விடையளிக்கவில்லை.

இந்தியச் சட்டத்தில் ஏழு ஆண்டுகள்

இந்தியாவில் இக்காலவரம்பு ஏழு ஆண்டுகள் ஆகும். ஒருவர் உயிருடன் இருந்தால் இயல்பாக அவரைப் பற்றி அறிந்திருக்கக்கூடியவர்கள் ஏழு ஆண்டுகளாக எத்தகவலும் பெறவில்லை எனில், அவர் உயிருடன் இருக்கிறார் என்று கூறுபவரே அதை நிரூபிக்க வேண்டும். 1872-ஆம் ஆண்டு சாட்சியச் சட்டத்தின் 108-ஆவது பிரிவில் இருந்த இவ்விதி, 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாக்ஷ்ய அதிநியமத்தில் 111-ஆவது பிரிவாக உள்ளது.

ஆனால் ஏழு ஆண்டுகள் முடிந்ததும் இறப்பு தானாகவே உறுதியாகிவிடுவதில்லை. எல்.ஐ.சி. எதிர் அனுராதா வழக்கில் 2004-இல் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், நீதிமன்றத்திலோ உரிய அதிகார அமைப்பிலோ பிரச்சினை எழுப்பப்படும்போதுதான் இந்த அனுமானம் பிறக்கிறது என்று விளக்கியது. மேலும், இறந்தார் என்பதை மட்டுமே சட்டம் அனுமானிக்கும். எந்த நாளில் இறந்தார் என்பதை அனுமானிக்காது. தேதியைச் சொல்பவரே அதை நிரூபிக்க வேண்டும். தொகை செலுத்தப்படாமல் இடையில் காலாவதியாகும் காப்பீடு இதனால் கைநழுவக்கூடும்.

திருமண உறவைப் பொறுத்தவரை, ஏழு ஆண்டுகள் தகவல் இல்லாமை இந்து திருமணச் சட்டம், சிறப்புத் திருமணச் சட்டம், கிறிஸ்தவர்களுக்கான விவாகரத்துச் சட்டம் ஆகியவற்றில் மணமுறிவுக்கான காரணமாக ஏற்கப்பட்டுள்ளது. 1939-ஆம் ஆண்டு முஸ்லிம் திருமண முறிவுச் சட்டத்தின்படி, நான்கு ஆண்டுகளாகக் கணவரின் இருப்பிடம் தெரியாத மனைவி நீதிமன்றத்தை அணுகலாம். அத்தீர்ப்பு ஆறு மாதங்களுக்குப் பின்னரே நடைமுறைக்கு வரும்.

சந்தேகத்துக்கு எல்லை உண்டா?

ஒருவருக்கு மட்டுமே சிறப்பாகத் தெரிந்திருக்கக்கூடிய உண்மையை அவரே நிரூபிக்க வேண்டும் என்பது சாக்ஷ்ய அதிநியமத்தின் 109-ஆவது பிரிவு. துணையின் மீது சந்தேகம் எழும் வழக்குகளில் அரசுத் தரப்பு பெரும்பாலும் இதையே சுட்டிக்காட்டுகிறது. வீட்டின் நான்கு சுவர்களுக்குள் நிகழ்ந்த மரணத்துக்கு உடன் வசித்தவர் விளக்கமளிக்கக் கடமைப்பட்டவர் என 2006-இல் திரிமுக் மாரோதி கிர்கன் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது.

அதேவேளையில், குற்றத்தை நிரூபிக்கும் அடிப்படைப் பொறுப்பு அரசுத் தரப்புக்கே உரியது. இப்பிரிவு அப்பொறுப்பை நீக்காது என 1956-இல் சம்புநாத் மெஹ்ரா வழக்கிலேயே தெளிவுபடுத்தப்பட்டுள்ளது. உடல் கிடைக்காவிட்டாலும் கொலைக் குற்றத்தை நிரூபிக்க இயலும்; ஆயினும் மரணம் நிகழ்ந்தது என்பதற்கு வலுவான ஆதாரம் தேவை. தம்பதியரிடையே மனக்கசப்பு இருந்தது என்பது மட்டும் ஆதாரமாகாது.

இந்தியக் குடிமகன் வெளிநாட்டில் செய்ததாகக் கூறப்படும் குற்றத்தை இந்தியக் காவல் துறை புலனாய்வு செய்யலாம். ஆனால் நீதிமன்ற விசாரணை தொடங்க மத்திய அரசின் முன் அனுமதி தேவை. முன்னர் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 188-ஆவது பிரிவில் இருந்த இவ்விதி, தற்போதைய பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 208-ஆவது பிரிவாகும்.

முனம்பம் படகு

கொச்சிக்கு வடக்கே உள்ள முனம்பத்திலிருந்து 2019 ஜனவரி 12-ஆம் தேதி புறப்பட்ட மீன்பிடிப் படகும் இத்தகைய கேள்விகளை எழுப்பியுள்ளது. டெல்லியில் வசித்த தமிழர்கள், இலங்கைத் தமிழர்கள் உள்ளிட்ட நூற்றுக்கும் மேற்பட்டோர் நியூசிலாந்து அல்லது ஆஸ்திரேலியா செல்லும் நோக்கில் அதில் ஏறியதாகக் கருதப்படுகிறது. அதன் பின்னர் அவர்களிடமிருந்து உறுதியான தகவல் எதுவும் இல்லை. ஏழாண்டுக் கணக்கு கடைசித் தகவல் கிடைத்த நாளிலிருந்தே தொடங்குவதால், அந்த நாளை ஆவணப்படுத்துவது ஒவ்வொரு குடும்பத்துக்கும் முக்கியமாகிறது.

குடும்பத்தினர் செய்ய வேண்டியவை

வெளிநாட்டில் உறவினருடனான தொடர்பு அறுந்தால், அந்நாட்டில் உள்ள இந்தியத் தூதரகத்துக்கும், வெளியுறவு அமைச்சகத்தின் 'மதத்' இணையதளத்திலும் உடனடியாகப் புகார் அளிக்க வேண்டும். கேரளத்தைச் சேர்ந்தோர் மாநில அரசின் நோர்க்கா ரூட்ஸ் அமைப்பையும் அணுகலாம். உள்ளூர்க் காவல் நிலையத்திலும் புகாரைப் பதிவு செய்து அதன் நகலைப் பெற வேண்டும். காணாமற்போனோரைத் தேடுவதற்கான இன்டர்போலின் மஞ்சள் அறிவிக்கை, இந்தியாவிலிருந்து மத்தியப் புலனாய்வுத் துறை வழியாகவே கோரப்படுகிறது. கடைசி அழைப்பு, குறுஞ்செய்தி, வங்கிப் பரிவர்த்தனை ஆகியவற்றின் பதிவுகளை அழிக்காமல் பாதுகாப்பதும், காப்பீட்டுத் தொகையைத் தொடர்ந்து செலுத்துவதும் அவசியம்.

புகார் அளிப்பதில் ஏற்படும் தாமதமே பின்னர் துணைக்கு எதிரான சந்தேகமாக மாறக்கூடும். மாயமானவர் இறந்தவராகக் கருதப்படுவதற்குச் சட்டம் காலவரம்பு வகுத்துள்ளது. ஆனால் அவரது கணவர் அல்லது மனைவி மீது விழுந்த சந்தேகம் நீங்குவதற்கு அத்தகைய காலவரம்பு எதையும் வகுக்கவில்லை என்பது குறிப்பிடத்தக்கது.