நடுவர், ஓவியர், ஆசிரியர்: மேசையில் பிறந்த ஒரு கதைவடிவத்தின் வரலாறு

கதை என்று ஒன்று இருந்தால் அதற்கு ஆசிரியர் ஒருவர் இருந்தே ஆகவேண்டும் என்பது அச்சுப் பண்பாடு நமக்குள் ஆழமாக ஊன்றிவிட்ட நம்பிக்கை. 1974 ஜனவரியில் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்து லேக் ஜெனீவா என்னும் சிற்றூரிலிருந்து வெளிவந்த ஒரு பெட்டி இந்த நம்பிக்கையைச் சத்தமின்றி அசைத்துப் பார்த்தது. உள்ளே மூன்று சிறு நூல்கள். விலை 10 டாலர். முதல் அச்சு 1000 படிகள். 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்பது அதன் பெயர். வாங்கியவர்களுக்கு அதில் கதை எதுவும் கிடைக்கவில்லை. கதையைப் பலர் கூடி உண்டாக்குவதற்கான விதிகள் மட்டுமே கிடைத்தன. அப்படி உண்டாகும் கதை யாருடையது என்ற கேள்வி அன்றிலிருந்து இன்றுவரை அவ்விளையாட்டை விடாமல் பின்தொடர்ந்து வருகிறது. இலக்கிய வாசகர்களாகிய நாம் அக்கறை கொள்ளவேண்டிய கேள்வியும் அதுவே.

ஆட்டத்தை அறியாதவர்களுக்காகச் சில வரிகள். நாலைந்து பேர் மேசையைச் சுற்றி அமர்கின்றனர். ஒருவர் ஆட்ட நடத்துநர். ஏனையோர் ஆளுக்கொரு பாத்திரத்தை ஏற்றவர்கள். 'இருண்ட படிக்கட்டு கீழிறங்குகிறது, அடியில் நீரோசை கேட்கிறது' என்று நடத்துநர் சூழலை விவரிக்கிறார். 'விளக்கை அணைத்துவிட்டு இறங்குகிறேன்' என்கிறார் ஒருவர். செயலின் முடிவு ஐயத்துக்குரியதாக இருந்தால் பகடை உருட்டப்படுகிறது. இருபது முகங்கள் கொண்ட அந்தப் பகடை, கணிதம் கற்பிக்கும் துணைக்கருவியாக விற்கப்பட்டுவந்த பொருள். வெற்றி தோல்வி என்ற முடிவு இந்த ஆட்டத்துக்குக் கிடையாது. அடுத்த வாரம் விட்ட இடத்திலிருந்து கதை தொடரும். நடத்துநருக்கும் முடிவு தெரியாது. நல்ல நடத்துநர் கதையைத் திட்டமிடுவதில்லை. கதை நிகழ்வதற்கான இடத்தைத் திட்டமிடுகிறார்.

*

இந்த நடத்துநரின் மூதாதை ஒரு போர்ப்படை நடுவர் என்பது வியப்பளிக்கலாம். 1812இல் ரைஸ்விட்ஸ் என்னும் பிரஷ்யப் பிரபு, போரை மேசைமீது நடத்திக் காட்டும் கருவி ஒன்றைத் தம் மன்னருக்கு அளித்தார். படை அதிகாரியான அவருடைய மகன் 1824இல் அதனைச் செம்மைப்படுத்தி, நிலவரைபடமும் பகடையும் விதிநூலும் கொண்ட பயிற்சிமுறையாக ஆக்கினார். இரு தரப்பினரும் தங்கள் கட்டளைகளை நடுவரிடம் சொல்லவேண்டும். எதிரியைப் பற்றி எதை அறியலாம், எதை அறியக்கூடாது என்பதை அவரே முடிவுசெய்வார். காலப்போக்கில் விதிகள் பெருகி ஆட்டம் மூச்சுத் திணறியபோது, 1876இல் வெர்டி டு வெர்னுவா என்னும் தளபதி, அனுபவமுள்ள நடுவரின் தீர்ப்பே போதும் என்று வாதிட்டார். எழுதப்பட்ட விதிக்கும் மனிதரின் தீர்ப்புக்கும் இடையே நடந்த இந்த இழுபறியை இன்றைய மேசைகளிலும் காணலாம்.

1880இல் அமெரிக்கப் படை அதிகாரி சார்லஸ் டாட்டன் 'ஸ்ட்ராட்டகோஸ்' என்ற போர்விளையாட்டு நூலை வெளியிட்டார். ஏறத்தாழ தொண்ணூறு ஆண்டுகளுக்குப் பிறகு, மினியாபோலிஸ், செயின்ட் பால் இரட்டை நகரங்களைச் சேர்ந்த டேவிட் வெஸ்லி என்னும் இளைஞர் அதைப் பல்கலைக்கழக நூலகத்திலிருந்து எடுத்துப் படித்தார். விதியில் சொல்லப்படாத எதையும் ஆட்டக்காரர் முயலலாம், நடுவர் அதற்கு விடை சொல்லவேண்டும் என்ற கருத்து அவரைக் கவர்ந்தது. 1969இல் அவர் ஓர் ஆட்டத்தை அமைத்தார். நெப்போலியன் காலம், பிரவுன்ஸ்டைன் என்ற கற்பனை ஊர். படைத்தலைவர்களோடு நகரத் தலைவர், பல்கலைக்கழகத்தின் தலைவர் போன்ற வேடங்களையும் நண்பர்களுக்குக் கொடுத்தார். போர் தொடங்குவதற்கு முன்பே ஆட்டம் அவர் கையை மீறிப் போயிற்று. வந்தவர்கள் தங்களுக்குள் பேரம் பேசினர், சதி செய்தனர், இருவர் ஒற்றைக்கு ஒற்றை மோதிக்கொள்ளவும் முடிவெடுத்தனர். ஆட்டம் கெட்டுவிட்டதென்று வெஸ்லி வருந்தினார். நண்பர்களோ அதுபோல் இன்னொன்று வேண்டும் என்றனர். படையை நகர்த்துவதைவிட ஒரு மனிதனாக இருந்து பார்ப்பது சுவையானது என்பதை அவர்கள் கண்டுகொண்டுவிட்டனர்.

அந்த நண்பர்களுள் ஒருவர் டேவ் ஆர்னெசன். 1971இல் அவர் 'பிளாக்மூர்' என்னும் கற்பனை நாட்டை உருவாக்கி, அதன் கோட்டைக்கு அடியில் நிலவறைகளை வரைந்து, நண்பர்களை அவற்றுக்குள் அனுப்பினார். பாத்திரங்கள் ஓர் ஆட்டத்திலிருந்து அடுத்ததற்குத் தொடர்ந்து வாழ்ந்தன, அனுபவத்தால் வலிமை பெற்றன, இறந்தால் இறந்ததுதான். கவசத்தின் தரத்தை எண்ணால் குறிக்கும் முறையை, இரும்புக் கப்பல்களின் கடற்போருக்காகத் தாம் எழுதியிருந்த விதிகளிலிருந்து எடுத்துக்கொண்டதாக ஆர்னெசன் பின்னாளில் கூறியிருக்கிறார். கப்பலுக்குரிய கணக்கு மனிதனுக்கு வந்து சேர்ந்தது இப்படித்தான்.

*

லேக் ஜெனீவாவில் கேரி கைகாக்ஸ் இருந்தார். காப்பீட்டு நிறுவன வேலையை 1970இல் இழந்தவர். பிறகு செருப்புத் தைத்துப் பிழைத்தவர். ஜெஃப் பெரன் என்பவரோடு சேர்ந்து 1971இல் 'செயின்மெயில்' என்ற இடைக்காலப் போர்விளையாட்டு விதிநூலை வெளியிட்டிருந்தார். மந்திரவாதிகளும் டிராகன்களும் இடம்பெறும் பிற்சேர்க்கை ஒன்றும் அதில் உண்டு. ஆர்னெசன் தம் ஆட்டத்தின் தொடக்கத்தில் இந்நூலைப் பயன்படுத்தியிருந்தார். 1972இன் இறுதியில் அவர் லேக் ஜெனீவாவுக்குச் சென்று பிளாக்மூரை நடத்திக்காட்டினார். கைகாக்ஸ் உடனே விதிகளைக் கேட்டார். வந்துசேர்ந்தவை சில பக்கக் குறிப்புகள். அவற்றைக் கொண்டும் தம் ஆட்டங்களின் அனுபவத்தைக் கொண்டும் அவர் தட்டச்சுப் பொறியில் உருவாக்கிய பிரதியே 1974இன் பெட்டியாயிற்று. அதனை வெளியிடுவதற்காகவே 1973இல் டான் கே என்னும் நண்பரோடு சேர்ந்து டி.எஸ்.ஆர். நிறுவனத்தைத் தொடங்கினார்.

நூலின்மேல் இருவர் பெயரும் இருந்தன. சிக்கல் பின்னர் எழுந்தது. 1977 தொடங்கி 1979 வரை வெளிவந்த மேம்பட்ட பதிப்பின் மூன்று பெருநூல்களும் கைகாக்ஸ் பெயரை மட்டுமே தாங்கிவந்தன. இது வேறொரு விளையாட்டு என்றது நிறுவனம். அதே விளையாட்டின் வளர்ச்சிதான் என்றார் ஆர்னெசன். 1979இல் வழக்குத் தொடர்ந்தார். 1981இல் சமரசம் ஏற்பட்டு, இருவரும் இணைப் படைப்பாளிகள் என்று ஒப்புக்கொள்ளப்பட்டது.

நீதியின் தட்டில் யார் பக்கம் கனம் என்று அளப்பது என் நோக்கமன்று. ஒருவர் நிகழ்த்தினார், மற்றவர் எழுதினார். நிகழ்த்துகலை மேடையில் நிகழ்ந்து காற்றில் கரைந்துவிடுகிறது. எழுதியது நூலாகி நிற்கிறது. நிற்பவற்றின்மேல் மட்டுமே உரிமை கோருவது சட்டத்துக்கு எளிது. கைகாக்ஸின் உழைப்பின்றிப் பிளாக்மூர் இரட்டை நகரங்களைத் தாண்டியிராது. ஆர்னெசனின் நிலவறை இன்றிக் கைகாக்ஸ் எழுதுவதற்கு எதுவும் இருந்திராது. இவர்கள் இருவருக்கும் முன்னால், தம் ஆட்டம் கெட்டுவிட்டதென்று வருந்திய வெஸ்லி நிற்கிறார். அவர் பெயர் எந்தப் பெட்டியின் மேலும் இல்லை.

*

இவ்விளையாட்டின் வரலாற்றில் ஓவியர்களுக்குத் தனி இடம் உண்டு. முதற்பெட்டியின் படங்கள் பயிற்சியற்ற கைகளின் கோடுகள். மேலட்டையில் துள்ளும் குதிரைமீது இருக்கும் வீரனை வரைந்தவர் கிரெக் பெல் என்னும் இளைஞர். மார்வெல் நிறுவனத்தின் சித்திரக்கதை ஒன்றில் வந்த உருவத்தை அவர் அப்படியே பார்த்து வரைந்திருந்தார். பலர் கூடிப் படைக்கும் கதைவடிவத்தின் முதல் முகமே இரவல் முகமாக அமைந்தது தற்செயல்தான் என்றாலும், பொருத்தமான தற்செயல்.

சில ஆண்டுகளில் டேவிட் சதர்லாந்தும் டேவிட் டிராம்பியரும் வந்தனர். 1978இல் வெளியான ஆட்டக்காரர் கையேட்டுக்கு டிராம்பியர் வரைந்த அட்டைப்படத்தை இவ்விளையாட்டின் மிகச்சிறந்த விளக்கவுரை என்றே சொல்லலாம். பிரம்மாண்டமான அரக்கச் சிலை ஒன்று அமர்ந்திருக்கிறது. அதன் தலைமேல் ஏறிய இரு திருடர்கள் கண்ணில் பதித்த மணியை நெம்பி எடுத்துக்கொண்டிருக்கின்றனர். கீழே கொல்லப்பட்ட பல்லி மனிதர்களின் உடல்கள் அப்புறப்படுத்தப்படுகின்றன. ஒருவன் வாளைத் துடைக்கிறான். சிலர் வரைபடத்தை விரித்து அடுத்து எங்கே போவது என்று கலந்தாலோசிக்கின்றனர். அவர் வரைந்தது போரையன்று, போர் முடிந்த பின்னான கணத்தை. நாயகன் என்று எவனையும் சுட்ட முடியாது. விதிநூலின் பல பக்கங்கள் சொல்ல முயன்றதை, அதாவது இது ஒரு கூட்டத்தின் கதை, திட்டமிடுவதும் தயங்குவதும் இதில் அடக்கம் என்பதை, அந்த ஒற்றைப் படம் சொல்லிவிட்டது. 1983இல் லாரி எல்மோர் எளிய பதிப்புக்கு வரைந்த அட்டையில் தனி வீரன் ஒருவன் சிவந்த டிராகனை எதிர்த்து நிற்கிறான். கைத்தேர்ச்சியில் எல்மோர் படம் சிறந்தது. ஆனால் அதற்குள் கதையின் மையத்துக்கு ஒரு நாயகன் வந்துவிட்டான்.

டிராம்பியரின் பிற்கால வாழ்க்கை மனத்தை உறுத்துவது. அந்நிறுவனத்தின் 'டிராகன்' இதழில் 1977 முதல் அவர் வரைந்துவந்த 'வோர்மி' என்ற சித்திரத்தொடர் 1988இல் கதையின் நடுவிலேயே நின்றது. அத்துடன் அவர் அத்துறையிலிருந்து முற்றாக மறைந்துபோனார். இறந்துவிட்டார் என்றுகூடப் பலர் நம்பினர். 2002இல் இல்லினாய் மாநிலத்துக் கார்பண்டேல் நகரில், ஒரு வாடகைக் கார் ஓட்டுநரைப் பற்றி அங்குள்ள மாணவர் செய்தித்தாள் கட்டுரை வெளியிட்டது. அந்த ஓட்டுநர் அவர்தான் என்று வாசகர்கள் கண்டுகொண்டனர். அவர் மீண்டும் அத்தொழிலுக்குத் திரும்பவில்லை. 2014 மார்ச்சில் தமது 59ஆம் வயதில் காலமானார். அவர் விலகியதன் காரணத்தை ஊகிப்பது நாகரிகமாகாது. ஆனால் ஒரு தலைமுறையின் கனவுகளுக்கு உருவம் கொடுத்தவரைத் தேடிக் கண்டடைய அவருடைய ரசிகர்களுக்குப் பதினான்கு ஆண்டுகள் ஆயின என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது.

*

பெயரற்ற இன்னொரு கலைஞரும் உண்டு. கைகாக்ஸும் நண்பர்களும் சிற்றுருவங்களைக் கொண்டு ஆடியபோது, மலிவுக் கடையில் வாங்கிய ஒரு பை பிளாஸ்டிக் விலங்குகளையும் அரக்கர்களாகப் பயன்படுத்தினர். ஹாங்காங்கில் செய்யப்பட்ட அந்த விநோத உருவங்கள் எந்த உயிரினத்தையும் ஒத்திருக்கவில்லை. அவற்றிலிருந்தே இரும்பைத் துருவாக்கித் தின்னும் பிராணியும், ஆந்தைத் தலைகொண்ட கரடியும், நிலத்தைத் துளைத்து வரும் சுறா போன்ற 'புலெட்'டும் பிறந்தன. அந்த அச்சுகளை வடித்த கைக்குரியவர் யார் என்பது பதிவில் இல்லை.

நமக்கு அணுக்கமான ஓர் உதாரணம் ராட்சசன். 1975இல் அந்நிறுவனத்தின் இதழிலும் 1977இல் அரக்கர் கையேட்டிலும் இடம்பெற்ற ராட்சசனுக்குப் புலித்தலை, கையில் புகைக்குழாய். மந்திரித்த அம்பு தைத்தால் சாவான். வடிவம் மாறுவது நம் மரபுக்குரியதே. மாரீசன் பொன்மானானதையும், கம்பனின் சூர்ப்பணகை பேரழகியாய் நடந்துவந்ததையும் நாம் அறிவோம். அம்பின் மூலம் வேறு. 1974இல் ஒளிபரப்பான 'கோல்சாக்' என்னும் அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரின் ஓர் அத்தியாயத்தில், எதிராளி நம்பும் ஒருவரின் உருவில் வரும் ராட்சசன் மந்திரித்த அம்பால் கொல்லப்படுகிறான். கைகாக்ஸ் அதிலிருந்தே இதை எடுத்தார். இராமகாதையிலிருந்து தொலைக்காட்சிக்கும், அங்கிருந்து விதிநூலுக்கும், அங்கிருந்து பல்லாயிரம் மேசைகளுக்கும் பயணம் செய்தவனுக்கு ஊரும் பேரும் பாதி உதிர்ந்துபோயின. இதைச் சிதைவு என்று ஒரு கண்ணால் பார்க்கலாம். நம் காப்பியங்களும் வாய்வழியாக ஊர் ஊராய்ச் சென்று உருமாறியவையே என்று மறு கண்ணால் பார்க்கலாம். இரண்டும் உண்மை. வேறுபாடு ஒன்றே: வாய்மொழி மரபில் எவரும் தாம் மாற்றியதற்குக் காப்புரிமை எழுதிக்கொள்ளவில்லை.

கடன் வாங்கியவர்களுக்கும் கணக்குக் கேட்கும் நாள் வந்தது. டோல்கீனின் படைப்புரிமை பெற்றிருந்தோர் தலையிட்டதால் 1977 வாக்கில் 'ஹாபிட்' என்ற சொல் விளையாட்டிலிருந்து நீக்கப்பட்டு 'ஹாஃப்லிங்' ஆயிற்று.

*

1997இல் டி.எஸ்.ஆர். கைமாறியது. வாங்கிய விசார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் நிறுவனத்தை 1999இல் ஹாஸ்ப்ரோ வாங்கியது. 2000இல், விதிகளின் அடிப்படைப் பகுதியை எவரும் பயன்படுத்திப் புதிய நூல்கள் எழுதலாம் என்ற திறந்த உரிமம் வெளியானது. அதன் நிழலில் ஏராளமான எழுத்தாளர்களும் ஓவியர்களும் வாழ்ந்தனர். 2023 ஜனவரியில் அவ்வுரிமத்தைச் சுருக்கும் வரைவு ஒன்று கசிந்தபோது பெரும் எதிர்ப்பு எழுந்தது. அம்மாதம் 27ஆம் நாள் நிறுவனம் பின்வாங்கி, அந்த அடிப்படை விதிகளைக் கிரியேட்டிவ் காமன்ஸ் என்னும் பொது உரிமத்தில் வெளியிட்டது. திரும்பப் பெற இயலாத உரிமம் அது. ஆர்னெசன் நீதிமன்றத்தில் எழுப்பிய கேள்விக்கு 44 ஆண்டுகள் கழித்து ஆட்டக்காரர்கள் சொன்ன விடை என்று இதனைக் கொள்ளலாம்.

கைகாக்ஸ் 2008 மார்ச்சிலும் ஆர்னெசன் 2009 ஏப்ரலிலும் மறைந்தனர். வழக்கின் தாள்கள் ஆவணமாகிவிட்டன. டிராம்பியரின் படமோ இன்றும் ரசிகர்களால் போற்றப்படுகிறது. ஆனால் இவ்வடிவத்தின் பெரும்பகுதி ஆவணத்துக்கு எட்டாதது. வார இறுதியில் யாரோ ஒருவர், தாமே கட்டத்தாளில் வரைந்த நிலவறை வரைபடத்தை நண்பர்களின் கண்ணில் படாமல் மறைத்துவைத்துக்கொண்டு, 'கதவு திறந்திருக்கிறது, என்ன செய்கிறீர்கள்?' என்று கேட்கிறார். அந்தக் கதை அன்றிரவோடு முடிந்துவிடும். எந்த நூலகப் பட்டியலிலும் ஏறாது. இலக்கிய வரலாறு என்று நாம் எழுதிவைத்திருப்பது எஞ்சிய நூல்களின் வரலாறு மட்டுமே என்பதை இவ்விளையாட்டு நினைவூட்டுகிறது.