பயணப் படம்: வண்ணமா, கருப்பு வெள்ளையா?

பிரெஞ்சுப் புகைப்படக் கலைஞர் ஹென்றி கார்ட்டியே பிரெஸ்ஸோன் 1966-ல் ஜெய்ப்பூருக்கு வந்திருந்தார். அதே ஊரில் பிறந்து வளர்ந்த புகைப்படக் கலைஞர் ரகுபீர் சிங் அப்போது இருபதுகளில் இருந்தார். பிரெஸ்ஸோன் கூட்டத்துக்குள் புகுந்து படமெடுப்பதை அருகிலிருந்து பார்த்த அனுபவம் சிங்கிடம் கடைசிவரை தங்கியது. ஆனால் ஒரு விஷயத்தில் அவர் ஆசானின் வழியில் போகவில்லை. பிரெஸ்ஸோனுக்கு வண்ணம் பிடிக்காது; பெயர் வாங்கித் தந்த படங்களெல்லாம் கருப்பு வெள்ளை. சிங்கோ 1999-ல் இறக்கும்வரை வண்ணத்தில்தான் எடுத்தார். இந்தியக் கலை என்றைக்கும் நிறத்தோடுதான் உலகைப் பார்த்தது, கருப்பு வெள்ளை மேற்கின் மனநிலை என்று 1998-ல் வந்த தன் ‘ரிவர் ஆஃப் கலர்’ நூலின் முன்னுரையில் வாதிட்டார்.

இருவரின் படங்களில் ஒவ்வொன்றை எடுத்துக்கொள்வோம். பிரெஸ்ஸோன் 1948-ல் ஸ்ரீநகரில் எடுத்தது: ஹரி பர்பத் குன்றின் சரிவில் காலை வேளையில் தொழும் பெண்கள். நமக்கு முதுகு காட்டியிருக்கிறார்கள்; ஒருத்தியின் உள்ளங்கைகள் வானை நோக்கி ஏந்தியிருக்கின்றன; எதிரே பள்ளத்தாக்கும் மலையும் மேகமும். உடைகளின் நிறம் தெரிந்திருந்தால் கண் முதலில் அங்கேதான் போயிருக்கும். இப்போது அந்தக் கைகளிலிருந்து நேரே மேகத்துக்குப் போகிறது. ரகுபீர் சிங் 1967-ல் பீகாரின் முங்கேரில் எடுத்தது: கொட்டும் மழையில் ஒருவரோடு ஒருவர் ஒட்டி நிற்கும் நான்கு பெண்கள். நனைந்து உடம்போடு ஒட்டிய சேலைகள், பின்னால் மங்கிய கங்கைக் கரை. இதில் நிறத்தை எடுத்துவிட்டால் மழையின் பாதி போய்விடும். ஈரம் பட்ட துணி எப்படிக் கறுத்துச் செழிக்கும் என்பது நம் ஊர்க் கண்ணுக்குத் தெரியும். அதைச் சொல்ல நிறத்தால்தான் முடியும்.

பிரெஸ்ஸோனின் தேர்வில் ரசனையோடு தொழில்நுட்பக் காரணமும் உண்டு. 1935-ல் அறிமுகமான கோடாக்ரோம் ஃபிலிமின் வேகம் அந்தக் காலத்தில் ஐஎஸ்ஓ 10-ஐ ஒட்டியே இருந்தது. மங்கிய வெளிச்சத்தில், கையில் பிடித்தபடி, நகரும் மனிதர்களை அதில் எடுப்பது கடினம். இன்று கைபேசியே இரவுக் கடைத்தெருவை வண்ணத்தில் எடுக்கிறது. ஆகவே இன்று கருப்பு வெள்ளையைத் தேர்பவர் படத்துக்காக மட்டுமே தேர்கிறார். காரணமும் படத்துக்குள்ளேயே இருக்க வேண்டும்.

தஞ்சைப் பெரிய கோயிலில் இரண்டையும் சோதித்துப் பார்க்கலாம். சென்னை மாகாண அரசின் புகைப்படக் கலைஞராக இருந்த லினேயஸ் டிரைப் 1858-ல் இங்கே வந்து, விமானத்தின் அடிப்பகுதியில் ஓடும் கல்வெட்டுகளைத் தொடர் படங்களாக எடுத்தார். 21 படங்களை ஒட்டி இணைத்த அந்தப் பட்டையின் நீளம் 19 அடிக்கு மேல். அவருக்கு வேறு வழியில்லை, அன்று வண்ணப்படமே கிடையாது. நீலத்தை மட்டும் அளவுக்கு மீறி வாங்கும் அந்தக் காலத்து நெகட்டிவில் வானம் வெறும் வெள்ளையாக வெளுத்துவிடும். சில படங்களில் மேகத்தைக் கையால் தீட்டிச் சேர்த்தார். ஆனால் எழுத்துக்கு வேறெதுவும் தேவைப்படவில்லை. உளி இறங்கிய பள்ளத்தில் நிழல், மேட்டில் வெளிச்சம், அவ்வளவுதான் கல்வெட்டு. இன்றும் பக்கவாட்டில் வெயில் விழும்போது அந்தச் சுவரைக் கருப்பு வெள்ளையில் எடுங்கள், எழுத்து துலங்கி நிற்கும். அதே விமானத்தை மாலை ஐந்தரை மணிக்குப் பாருங்கள். கருங்கல் தேன் நிறத்துக்கு மாறியிருக்கும். அந்த நேரத்துக் கோயிலைச் சாம்பல் நிறத்தில் காட்டினால், போகாதவருக்கு நாம் எதையும் சொல்லவில்லை என்றே அர்த்தம்.

நண்பகலில் நிலைமை நேர்மாறு. பதினொரு மணி முதல் மூன்று மணி வரை நம் வெயில் எல்லா நிறத்தையும் வெளிறடிக்கிறது. வண்ணத்துக்குப் பகையான அந்த நேரத்தில் தூண்களின் நிழல் கருப்பு வெள்ளைக்கு நன்றாக உதவுகிறது. பூ மார்க்கெட்டில் எந்த நேரமானாலும் வண்ணம்தான். சிவப்பு ரோஜாவும் அதன் பச்சை இலையும் நிறம் நீக்கினால் ஏறக்குறைய ஒரே சாம்பலாகிவிடும். கூடையில் பூ எது, இலை எது என்றே புரியாது.

எனக்கு மிகவும் வருத்தம் தருவது வேறொரு பழக்கம். கிராமத்துக்குப் போய், சுருக்கம் விழுந்த முகங்களையும் ஓட்டு வீடுகளையும் மட்டும் கருப்பு வெள்ளையாக்குகிறார்கள். தண்ணீருக்கு வரிசையில் நிற்கும் பச்சை, நீலப் பிளாஸ்டிக் குடங்கள், டீக்கடைக்கு மேலே கட்டிய ஃப்ளெக்ஸ், பாட்டி கையிலுள்ள கைபேசி எல்லாம் அந்தச் சாம்பலில் மங்கிப்போகின்றன. இன்றைக்கு வாழும் மனிதர்களை ஐம்பது வருஷம் பின்னுக்குத் தள்ளுகிற வேலை அது. அவர்களுடைய நிகழ்காலத்தை அழிக்க நமக்கு உரிமையில்லை. வண்ணத்தில் சரியாக வராத படத்தைக் காப்பாற்றக் கருப்பு வெள்ளைக்கு ஓடுவதும் இதே ரகம். சட்டகம் மோசமென்றால் எதிலும் மோசம்தான்.

பயணப் படத்துக்கு முதல் உரிமை வண்ணத்துக்கே என்பது என் தீர்ப்பு. ஊரும் பருவமும் பொழுதும் முதலில் நிறத்தில்தான் தெரிகின்றன. ஒரு முகபாவமோ கல்லின் வடிவமோ மட்டுமே சொல்லவேண்டியது என்று நின்ற இடத்திலேயே உறுதிப்பட்டால் கருப்பு வெள்ளை. கேமராவை மானோக்ரோமில் வைத்துத் திரையில் பார்த்துக்கொண்டே, கோப்பை ‘ரா’வாகச் சேமியுங்கள். ஜேபெக்காக மட்டும் சேமித்தால் இழந்த நிறம் திரும்பாது.