ரிட்டையர் ஆகும் ஃபோர்மேனோடு சேர்ந்து வெளியேறும் அறிவு: தொழிற்சாலைகள் அதை எப்படித் தக்கவைப்பது?

பம்ப் ஓடும் சத்தத்தை வைத்தே "பேரிங் போகப் போகுது, நிறுத்துங்க" என்று சொல்லும் ஒருவர் பெரும்பாலான ஆலைகளில் இருப்பார். அந்தச் சத்தம் எப்படி இருக்கும் என்பது எந்த மேனுவலிலும் இருக்காது. ஒருநாள் அவருக்கு சால்வை போர்த்தி, குரூப் போட்டோ எடுத்து வழியனுப்பி வைப்பார்கள். சில வாரம் கழித்து பம்ப் மறுபடியும் வேறு மாதிரி சத்தம் போடும். அப்போதுதான் யாராவது கேட்பார்கள்: "இதையெல்லாம் அவர்கிட்ட கேட்டு வெச்சிருக்கலாமே?"

ஒரு நிறுவனத்துக்குத் தெரிந்தது எங்கே இருக்கிறது? ஃபைலிலா, சர்வரிலா, ஆட்களின் தலையிலா? ஆட்கள் மாறும்போது அது என்ன ஆகிறது? 'நாலெட்ஜ் மேனேஜ்மென்ட்' என்று எம்பிஏ வகுப்புகளில் சொல்லித் தரப்படும் பாடத்தின் அடிப்படைக் கேள்விகள் இவைதான். ஆனால் ஆலைகளில் இது வெறும் பாடம் அல்ல. பல நேரங்களில் உயிர் சம்பந்தப்பட்ட விஷயம்.

ஏட்டறிவு, பட்டறிவு: என்ன வித்தியாசம்?

நமக்குத் தெரிந்தது எல்லாவற்றையும் வார்த்தையில் சொல்லிவிட முடியாது என்பதை 1966-ல் வெளியான தன் புத்தகத்தில் விளக்கினார் தத்துவவியலாளர் மைக்கேல் போலன்யி. சைக்கிள் ஓட்டத் தெரிந்தவரிடம் "எப்படி பேலன்ஸ் பண்றீங்க?" என்று கேட்டுப் பாருங்கள். சொல்லத் தெரியாது, ஆனால் ஓட்டத் தெரியும். நம் வீடுகளில் இதற்கு ஏற்கெனவே ஒரு சொல் உண்டு: கைப்பக்குவம்.

இந்தக் கருத்தைத் தொழில் நிறுவனங்களுக்குப் பொருத்திக் காட்டியவர் ஜப்பானியப் பேராசிரியர் இகுஜிரோ நோனாகா. அவர் சொன்ன ஒரு கதை பிரபலம். 1980-களில் மட்சுஷிதா நிறுவனம் வீட்டிலேயே ரொட்டி செய்யும் இயந்திரத்தை உருவாக்கியபோது, ரொட்டி சரியாகவே வரவில்லை. மாவை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தும் காரணம் தெரியவில்லை. கடைசியில் ஒரு மென்பொருள் பொறியாளர், ஒசாகா நகர ஹோட்டல் ஒன்றின் தலைமை ரொட்டிக் கலைஞரிடம் போய்ப் பயிற்சி எடுத்தார். அவர் மாவை இழுத்து முறுக்கும் விதத்தில்தான் சூட்சுமம் என்று புரிந்தது. அந்த அசைவை இயந்திரத்துக்குள் கொண்டுவர வடிவமைப்பையே மாற்றினார்கள்.

கூட இருந்து பார்த்துப் பழகுவது, பழகியதை வார்த்தையாக்குவது, அதை மற்ற தகவல்களோடு சேர்ப்பது, படித்ததை மறுபடி கைப்பழக்கமாக்குவது என நாலு கட்டமாக இதைப் பிரித்தார் நோனாகா. பல நிறுவனங்கள் முதல் கட்டத்தைத் தாண்டிக் குதித்து, நேராக டாக்குமென்ட் எழுதச் சொல்கின்றன. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது இங்கேதான் வேலை செய்கிறது.

செய்முறையையே மறந்துபோன அமெரிக்கா

அமெரிக்க அணு ஆயுதங்களில் 'ஃபாக்பேங்க்' என்ற ரகசியப் பொருள் ஒன்று பயன்படுகிறது. 1980-களின் இறுதியோடு அதன் உற்பத்தி நின்றது. 2000-களில் பழைய ஆயுதங்களைப் புதுப்பிக்க அது மறுபடி தேவைப்பட்டபோது, யாருக்கும் சரியாகச் செய்யத் தெரியவில்லை.

செய்முறைக் குறிப்புகள் போதுமான அளவில் பாதுகாக்கப்படவில்லை, விவரம் தெரிந்த ஊழியர்களில் ஏறக்குறைய எல்லோரும் ஓய்வு பெற்றோ வேலையை விட்டோ போய்விட்டார்கள் என்று 2009-ல் அமெரிக்க நாடாளுமன்றத்தின் தணிக்கை அமைப்பு சொன்னது. சிக்கலைச் சரிசெய்ய 6.9 கோடி டாலர் செலவானது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. புதிதாகச் செய்தவர்கள் மூலப்பொருளைப் பழைய காலத்தை விட நன்றாகச் சுத்தம் செய்தார்கள். பிரச்னையே அதுதான். பழைய முறையில் தங்கிவிட்ட ஒரு கலப்புதான் பொருளைச் சரியாக வரவைத்திருக்கிறது. அது பழைய ஆட்களுக்கே தெரியாது! ஆக, 'எப்படிச் செய்கிறோம்' என்று மட்டும் எழுதினால் போதாது. 'ஏன் இப்படிச் செய்கிறோம்' என்பதும் பதிவாக வேண்டும்.

ஷிப்ட் மாறும் அந்தச் சில நிமிடங்கள்

அறிவு தொலைய முப்பது வருஷம் ஆக வேண்டியதில்லை. ஒரு ஷிப்ட் போதும்.

1988 ஜூலை 6. பிரிட்டனின் வடகடலில் இருந்த பைப்பர் ஆல்ஃபா எண்ணெய் மேடை. பராமரிப்புக்காக ஒரு பம்பின் பாதுகாப்பு வால்வைக் கழற்றியிருந்தார்கள். மாலைக்குள் வேலை முடியவில்லை. அந்த இடத்தில் ஒரு மூடியை மட்டும் பொருத்திவிட்டுப் போனார்கள். இரவு ஷிப்டில் வந்தவர்களுக்கு இது சொல்லப்படவில்லை. வால்வு வேலைக்கான பர்மிட் தாளும் அவர்கள் கண்ணில் படவில்லை. இன்னொரு பம்ப் நின்றபோது, இதை ஓடவிட்டார்கள். கசிந்த வாயு வெடித்ததில் 167 பேர் இறந்தார்கள். நீதிபதி கல்லன் தலைமையிலான விசாரணை 1990-ல் 106 பரிந்துரைகளைத் தந்தது. பர்மிட் முறையும் ஷிப்ட் ஒப்படைப்பும் அதில் முக்கியமாகப் பேசப்பட்டன.

2005 மார்ச் 23-ல் அமெரிக்காவின் டெக்சாஸ் சிட்டியில் பிபி சுத்திகரிப்பு ஆலை வெடித்து 15 பேர் இறந்தார்கள். அங்கே இரவு ஷிப்ட் ஆபரேட்டர் லாக்புக்கில் எழுதியது ஒரே ஒரு வரி. கோபுரம் எவ்வளவு நிரம்பியிருக்கிறது, அடுத்து என்ன செய்யணும் என்பது அதில் இல்லை. சில ஆபரேட்டர்கள் தினமும் 12 மணி நேரம் வீதம் 29 நாட்களுக்கு மேல் விடாமல் வேலை பார்த்திருந்தார்கள் என்றும் விசாரணையில் தெரிந்தது. அசந்துபோன ஆட்களால் தகவலைச் சரியாகக் கைமாற்ற முடியாது. ஆள் மேலாண்மையும் தகவல் மேலாண்மையும் வேறு வேறு இல்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் தேவையில்லை.

இந்தியாவில் என்ன நிலை?

1984 டிசம்பர் 2 இரவு போபாலில் யூனியன் கார்பைடு ஆலையில் எம்ஐசி வாயு கசிந்தது. அதற்கு முன்பே செலவைக் குறைக்க, எம்ஐசி பிரிவில் ஆட்கள் பாதியாகக் குறைக்கப்பட்டிருந்தார்கள். சுற்றியிருந்த மக்களுக்கோ உள்ளே என்ன இருக்கிறது, கசிந்தால் என்ன செய்ய வேண்டும் என்பதே தெரியாது.

2020 மே 7-ல் விசாகப்பட்டினம் எல்ஜி பாலிமர்ஸ் ஆலையில் ஸ்டைரீன் கசிந்து 12 பேர் உயிரிழந்தார்கள். லாக்டவுனில் ஆலை ஓடாமல் நின்ற நேரம் அது. ஆந்திர அரசின் உயர்மட்டக் குழு பல குறைகளைப் பட்டியலிட்டது. அதில் ஒன்று, ஆலை ஓடாத நிலையில் தொட்டியில் தேங்கி நிற்கும் ஸ்டைரீன் எப்படி நடந்துகொள்ளும் என்பது பற்றிப் போதிய அறிவு இல்லை என்பது.

இன்னொரு விஷயம், ஒப்பந்தத் தொழிலாளர்கள். மத்திய அரசின் ஆண்டுத் தொழில் ஆய்வுப்படி, பதிவு பெற்ற தொழிற்சாலைகளின் தொழிலாளர்களில் சுமார் 40% பேர் ஒப்பந்த முறையில் இருக்கிறார்கள். இயந்திரத்தைத் தொட்டு வேலை செய்பவர் அவர், ஆனால் கம்பெனி டிரெயினிங் லிஸ்ட்டில் அவர் பெயர் இருக்காது. கான்ட்ராக்டர் மாறினால் அவரும் போய்விடுவார், அவர் கற்றதும் போய்விடும்.

சட்டமும் தரச்சான்றும் என்ன சொல்கின்றன?

போபாலுக்குப் பிறகு, 1987-ல் தொழிற்சாலைகள் சட்டம் திருத்தப்பட்டது. ஆபத்தான செய்முறை உள்ள ஆலைகள், அதன் அபாயங்களைத் தொழிலாளர்களுக்கும் சுற்றுவட்டார மக்களுக்கும் சொல்வது கட்டாயமானது. 2025 நவம்பர் 21-ல் நடைமுறைக்கு வந்த பணிப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத் தொகுப்பும், தன் பாதுகாப்பு பற்றிய தகவலை நிறுவனத்திடம் கேட்டுப் பெறும் உரிமையை ஊழியருக்குத் தருகிறது. கேட்பது அதிகப்பிரசங்கித்தனம் அல்ல, உரிமை.

உங்கள் கம்பெனி வாசலில் ஐஎஸ்ஓ 9001 போர்டு தொங்குகிறதா? அந்தத் தரநிலையின் 2015 பதிப்பில் 7.1.6 என்ற பிரிவைப் பாருங்கள். நிறுவனத்துக்குத் தேவையான அறிவு எது என்று கண்டறிந்து, அதைப் பாதுகாத்து, தேவைப்படுவோருக்குக் கிடைக்கச் செய்ய வேண்டும் என்கிறது அது.

சாஃப்ட்வேர் வாங்கினால் போதுமா?

போதாது. 1980-களில் ஜெராக்ஸ் நிறுவனத்தின் ரிப்பேர் டெக்னீஷியன்களைக் கூடவே இருந்து கவனித்தார் மானிடவியலாளர் ஜூலியன் ஓர். அவர்கள் மேனுவலைவிடச் சாப்பாட்டு நேரத்தில் பரிமாறிக்கொண்ட 'அந்த மெஷின்ல என்ன ஆச்சுன்னா...' கதைகளில்தான் அதிகம் கற்றார்கள்.

பிறகு ஜெராக்ஸ் 'யூரேகா' என்ற தகவல் தொகுப்பை உருவாக்கியது. டெக்னீஷியன்கள் தங்கள் குறிப்புகளை அனுப்பலாம். மற்ற டெக்னீஷியன்கள் சரிபார்த்த பிறகே அது எல்லோருக்கும் போகும். ஒவ்வொரு குறிப்பிலும் எழுதியவர் பெயர் இருக்கும். பணப் பரிசைவிட இந்தப் பெயர்தான் அவர்களை எழுதவைத்தது.

ஏன் பலர் சொல்லித் தருவதில்லை என்பதற்கும் பதில் இங்கே இருக்கிறது. "எனக்குத் தெரிஞ்சதை எல்லாம் சொல்லிட்டா, அப்புறம் நான் எதுக்கு?" என்ற பயம் நியாயமானது. சொல்லித் தந்தவரையே அடுத்த மாதம் வீட்டுக்கு அனுப்பும் நிறுவனத்தில் யாரும் வாய் திறக்க மாட்டார்கள். கற்றுத் தருவதையும் வேலையாக மதித்து, அதற்கு நேரமும் பெயரும் கொடுத்தால்தான் அறிவு கைமாறும்.

புதிதாகச் சேர்ந்தவர் என்ன செய்யலாம்?

• "தெரிஞ்சதை எல்லாம் எழுதிக் கொடுங்க" என்று கேட்காதீர்கள், யாராலும் முடியாது. குறிப்பாகக் கேளுங்கள்: "அண்ணே, இது கடைசியா எப்போ மக்கர் பண்ணுச்சு? முதல்ல எதைத் தொட்டுப் பார்த்தீங்க? மேனுவல்ல இருக்கிறதுக்கு மாறா எதைச் செய்வீங்க, ஏன்?"

• அவர் செய்யும்போது பாருங்கள். பிறகு அவர் பார்க்க நீங்கள் செய்யுங்கள். அனுமதி வாங்கி வீடியோ எடுத்து வையுங்கள்.

• ஷிப்ட் ஒப்படைக்கும்போது எதிரில் நின்று பேசுங்கள். எது ஓடுகிறது, எது கழற்றப்பட்டிருக்கிறது, எது பாதியில் நிற்கிறது என்று மூன்றையும் எழுதுங்கள். 'நார்மல்' என்று மட்டும் எழுதினால் அது தகவல் இல்லை.

• கேட்டதை ஒரே பக்கத்தில், வேலை செய்பவர் பேசும் மொழியில் எழுதி, சொன்னவரிடமே காட்டிச் சரிபாருங்கள். அவர் பெயரையும் போடுங்கள்.

• அனுபவசாலி செய்வதெல்லாம் சரி என்றும் நினைக்க வேண்டாம். டெக்சாஸ் சிட்டியில் கோபுரத்தை அளவுக்கு மேல் நிரப்புவது முன்பே பழகிப்போன வழக்கம்தான். விதிக்கு மாறான பழக்கம் ஒன்றைப் பார்த்தால், அதைப் பின்பற்றும் முன் பாதுகாப்புப் பிரிவில் கேளுங்கள்.

உங்கள் பிரிவில் அடுத்து ரிட்டையர் ஆகப்போவது யார்? எந்தக் கான்ட்ராக்ட் எப்போது முடிகிறது? அந்தத் தேதிகளைக் குறித்துக்கொண்டு, குறைந்தது ஆறு மாதம் முன்பே அவர்களோடு உட்காருங்கள். சால்வை போர்த்தும் நாளில் கேட்க ஆரம்பித்தால் நேரம் இருக்காது.